வாக்கியத்துக்குள் நிற்கும் பெயர்ச்சொல்லைச் சிறு பிள்ளைகள் இனங்காணப் பழக்குவது எப்படி?

கேள்வி: தரம் 3 ஆசிரியை, ஒட்டுசுட்டான் பகுதி

வணக்கம். ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள ஒரு சிறிய பாடசாலையில் தரம் 3 பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றேன். பெயர்ச்சொல் என்றால் என்ன என்று கேட்டால், "ஆள், இடம், பொருள், காலம் முதலியவற்றின் பெயரைக் குறிக்கும் சொல்" என்று வகுப்பிலுள்ள எல்லோரும் ஒரே குரலில் சொல்கின்றார்கள். உதாரணம் கேட்டால் மரம், மாடு, அம்மா, மாங்குளம் என்று தடையின்றி வருகின்றன. ஆனால் ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்து, அதிலுள்ள பெயர்ச்சொற்களின் கீழே கோடிடச் சொன்னால் தடுமாறுகின்றார்கள்.

சென்ற கிழமை கரும்பலகையில் "அம்மா குளத்தில் உடுப்புத் தோய்த்தார்" என்று எழுதினேன். ஏறக்குறைய எல்லோரும் "அம்மா" என்பதற்குக் கோடிட்டார்கள். "உடுப்பு" என்பதைச் சிலர் கண்டுகொண்டார்கள். "குளத்தில்" என்ற சொல்லை ஒருவரும் தொடவில்லை. இத்தனைக்கும் அவர்களிற் பலர் நாள்தோறும் குளக்கட்டால் நடந்து பள்ளிக்கூடம் வருகின்றவர்கள். ஏன் விட்டாய் என்று ஒரு பிள்ளையிடம் கேட்டபோது, "குளம் எண்டால் பெயர்ச்சொல், ரீச்சர். இது குளத்தில் எண்டெல்லோ கிடக்குது" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. அதற்கு மேல் எதைச் சொல்லி அவளுக்கு விளக்குவது என்பதற்கே உங்கள் உதவியை நாடுகின்றேன்.

மறுபுறத்தில், "அழகான", "வேகமாக" போன்ற சொற்களுக்குச் சிலர் கோடிட்டுவிடுகின்றார்கள். "அவன்", "அது" என்பவை பெயர்ச்சொற்களா என்றும் கேட்கின்றார்கள். பொருட்பெயர், இடப்பெயர், காலப்பெயர் என்று தொடங்கும் ஆறு வகைகளையும் இப்போதே சொல்லிக் கொடுத்தால் தெளிவு பிறக்குமா, அல்லது மேல் வகுப்புவரை பொறுத்திருப்பது நல்லதா? ஆரம்பப் பிரிவில் கற்பித்தவர்களும் தமிழ் இலக்கணம் கற்றவர்களும் கருத்துச் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியர், கிளிநொச்சி

அன்பின் ரீச்சர், அந்தப் பிள்ளை சொன்னதை வகுப்பு முழுவதும் கேட்கும்படி எடுத்துச் சொல்லி அவளைப் பாராட்டுங்கள். "குளம்", "குளத்தில்" என்ற இரண்டும் ஒரே வடிவில் இல்லை என்பதை அவள் கண்ணால் கண்டு சொல்லியிருக்கின்றாள். நாம் பாடமாக்கக் கொடுக்கும் வரைவிலக்கணம் உலகத்திலுள்ள பொருள்களைப் பற்றியது. பிள்ளை கோடிட வேண்டியதோ, வாக்கியத்துக்குள் உருமாறி நிற்கும் ஒரு சொல்லுக்கு. ஆகவே வரைவிலக்கணத்தைச் சில காலம் ஒதுக்கிவைத்துவிட்டு, கேள்விகளிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

முதலில் வினைச்சொல்லைப் பிடிக்கப் பழக்குங்கள். தமிழில் அது பெரும்பாலும் வாக்கியத்தின் முடிவில் நிற்பதால், தரம் 2 பிள்ளைகூட அதை இலகுவாகக் காட்டிவிடும். "தோய்த்தார்" என்பதைக் கண்டதும், யார் தோய்த்தார், என்ன தோய்த்தார், எங்கே தோய்த்தார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "எங்கே" என்று கேட்டால் "குளத்தில்" என்று பிள்ளை சொல்லும். அங்கே நிறுத்திவிடாமல், "அந்த இடத்துக்கு என்ன பெயர்?" என்று இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். "குளம்" என்ற சொல் பிள்ளையின் வாயிலிருந்தே வந்துவிடும். இந்த இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகின்றார்கள். உங்கள் வகுப்பிலுள்ள தடுமாற்றம் பெரும்பாலும் இதனாலேயே தீரும் என்று நம்புகின்றேன்.

அடுத்தது, சொற்களைத் தெரிவு செய்யும் ஒழுங்கு. உருபு, அதாவது பெயரின் முடிவில் வந்து ஒட்டும் ஐ, கு, இல் போன்ற வேற்றுமைக் குறி, சேரும்போது எல்லாப் பெயர்களும் ஒரே அளவில் மாறுவதில்லை. வயல், வாய்க்கால், தேங்காய் போன்றவை அப்படியே நின்று உருபை ஏற்கின்றன: வயலில், வாய்க்காலில், தேங்காயை. இவற்றில் பெயரைக் காண்பது எளிது. யானை, பூனை, கிளி போன்றவற்றில் இடையே ஒரு யகரம் மட்டும் தோன்றும். நெல், கல், மண் என்பவற்றில் கடைசி எழுத்து இரட்டிக்கும்: நெல்லை, கல்லால், மண்ணில். இவற்றுக்குப் பிறகுதான் மரம், குளம், நிலம், புத்தகம் போன்ற மகர ஈற்றுச் சொற்களுக்குப் போக வேண்டும். அங்கே மகரம் மறைந்து, பெயருக்கும் உருபுக்கும் இடையே "அத்து" என்ற இணைப்பு அசை (சாரியை) வந்துவிடுகின்றது. வீடு, காடு, கிணறு, சோறு என்பவை இன்னும் கடினமானவை: வீட்டில், காட்டுக்கு, கிணற்றில், சோற்றை. நீங்கள் கொடுத்த வாக்கியத்தில் மகர ஈறு முதலிலேயே வந்துவிட்டது. அதே வாக்கியத்தை "அம்மா வாய்க்காலில் உடுப்புத் தோய்த்தார்" என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள், பலர் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மகர ஈற்றுச் சொற்களுக்கு நான் ஒரு கடதாசி மடிப்பைப் பயன்படுத்தி வந்தேன். நீளமான ஒரு மட்டையின் இடப்பக்கத்தில் "குள" என்று எழுதி, அதற்கு அருகில் "ம்" என்று எழுதுங்கள். வேறொரு சிறு துண்டில் "த்தில்" என்று எழுதி, "ம்" மறையும்படி மேல் ஓரத்தை மட்டும் ஒட்டிவிடுங்கள். துண்டு மூடியிருக்கும்போது "குளத்தில்" என்றும், தூக்கினால் "குளம்" என்றும் தெரியும். ஒரே மட்டையில் "த்தை", "த்துக்கு", "த்தின்" என்று பல துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டலாம். எல்லாத் துண்டுகளையும் தூக்கிய பின் அடியில் அதே "ம்" இருப்பதைப் பிள்ளை தன் விரலால் தூக்கிப் பார்ப்பதில் பெரும் பயன் உண்டு. வாயால் எத்தனை முறை விளக்கினாலும் அது அவ்வளவு தெளிவாகப் பதிவதில்லை.

நம் ஊர்ப் பெயர்களையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மாங்குளத்தில், கனகராயன்குளத்துக்கு, புதுக்குடியிருப்பில், முறிகண்டியில், பூநகரியிலிருந்து என்று வாக்கியங்கள் அமைத்தால் இடப்பெயரும் உருபும் சேர்ந்தே பழகும். இங்கே கூர்மையான பிள்ளை ஒன்று, "மாடு" என்பது "மாட்டுக்கு" என்று வருகின்றது, ஆனால் "விசுவமடு" ஏன் "விசுவமட்டுக்கு" என்று வருவதில்லை என்று கேட்கக்கூடும். "மடு" என்பதில் டு என்ற எழுத்துக்கு முன்னால் தனிக்குறில் ஒன்றே நிற்கின்றது. "மாடு", "காடு", "வீடு" என்பவற்றில் நெடில் நிற்கின்றது. ஆதலால் முன்னையது முற்றியலுகரம், அதாவது குறையாமல் முழுமையாக ஒலிக்கும் உகரம்; அங்கே வகரம் தோன்றி "மடுவில்", "மடுவுக்கு" என்றாகின்றது. இந்தக் காரணத்தைத் தரம் 3 இல் விளக்க வேண்டியதில்லை. இரணைமடுவில், விசுவமடுவுக்கு என்று பிள்ளைகள் பேச்சில் சரியாகவே சொல்வார்கள். அவர்களுடைய காதை நம்பலாம்.

"உடுப்புத் தோய்த்தார்" என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே நடுவில் மிகுந்து வந்த "த்" என்ற ஒற்றெழுத்தைப் பெயரின் பகுதியாக எண்ணி, "உடுப்புத்" என்று ஒரு சொல் இருப்பதாகச் சில பிள்ளைகள் கருதுவார்கள். தொடக்கத்தில் ஒற்று மிகாத வாக்கியங்களைக் கொடுப்பது நல்லது. அதற்காக, மிக வேண்டிய இடத்தில் ஒற்றை விட்டு எழுதிக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். வினையை மாற்றி அமைத்தால் போதும்.

பதில்: ஒரு தாய், மல்லாவி

என் மகன் தரம் 2 இல் படிக்கின்றான். என்னுடைய ஆரம்பக் கல்வியின் கடைசி ஆண்டுகள் 2008, 2009 இடப்பெயர்வுகளோடு போய்விட்டன; இலக்கணத்தை இப்போது அவனோடு சேர்ந்துதான் கற்கின்றேன். எங்கள் வயதுப் பெற்றோர் பலருடைய நிலை இதுதான் என்பதை ஆசிரியர்கள் மனத்திற் கொண்டு, வீட்டு வேலை கொடுக்கும்போது ஒரு வாக்கியத்தையாவது கொப்பியில் செய்து காட்டி அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும்.

மேலே ஐயா எழுதியதை வாசித்துவிட்டு அன்று மாலையே செய்து பார்த்தேன். எழுதாமல், வாயாலேயே செய்தோம். அவன் சாதாரணமாகப் பேசும் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்கே?" என்றும் "அதுக்கு என்ன பெயர்?" என்றும் கேட்டேன். கடைக்கு என்றால் கடை, மரத்திலை என்றால் மரம், கிணத்துக்குள்ளை என்றால் கிணறு என்று ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னான். எழுத்தில் பார்க்கும்போது திகைக்கும் பிள்ளைக்குக் காதால் கேட்கும்போது அது முன்பே தெரிந்திருக்கின்றது.

எனக்கு இரண்டு ஐயங்கள் உண்டு. "கோயிலடியில் நிக்கிறார்" என்று அவன் சொன்னபோது, பெயர் "கோயில்" என்பதா, "கோயிலடி" என்பதா என்று எனக்கே தெரியவில்லை. "குளம் வான் பாய்கிறது" என்று எழுதினால் "வான்" என்பதற்குக் கோடிட வேண்டுமா என்பது மற்றையது.

பதில்: தமிழ்ப் பாட ஆசிரியர், வவுனியா

கிளிநொச்சி ஆசிரியர் சொன்ன வழியை நானும் ஏற்கின்றேன். ஆனால் கேள்வி கேட்பது மட்டும் போதாது என்பதற்கு ரீச்சர் எழுதிய "வேகமாக" என்ற சொல்லே சான்று. "எப்படி ஓடியது?" என்று கேட்டாலும் விடை வருகின்றது; அந்த விடை பெயர்ச்சொல் இல்லை. ஆகவே யார், எது, என்ன, எங்கே, எப்போது என்ற கேள்விகளோடு ஒரு சோதனையும் வேண்டும்.

இந்த இடத்தில் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டியிருக்கின்றது. "குளத்தில்" என்பதற்குள் "குளம்" இருப்பதால் அது பெயர்ச்சொல் என்று சொல்கின்றோம். அப்படியானால் "வேகமாக" என்பதற்குள் "வேகம்" இருக்கின்றதே, "அழகான" என்பதற்குள் "அழகு" இருக்கின்றதே, அவற்றை மட்டும் ஏன் விலக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வி முற்றிலும் நேர்மையானது. அவற்றுக்குக் கோடிட்ட பிள்ளைகள் உள்ளே இருக்கும் பெயரைக் கண்டுதான் கோடிட்டிருக்கக்கூடும்; அவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. வேறுபாடு இதுதான்: ஐ, ஆல், கு, இன், அது, கண் முதலிய உருபுகளும், இன்று "கண்" என்பதற்குப் பதிலாக நாம் வழங்கும் "இல்" என்பதும் சேர்ந்தாலும் பெயர் பெயராகவே நிற்கும். "ஆன", "ஆக" என்பவை சேர்ந்தால் அச்சொல் இன்னொரு சொல்லுக்கு அடையாகிவிடும்.

இதைச் சிறு பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது? சொல்லுக்கு முன்னால் "இந்த" என்பதை வைத்து, அந்தச் சொல்லோடு நிறுத்தச் சொல்லுங்கள். "இந்தக் குளத்தில்" என்றால் எந்தக் குளம் என்று தெளிவாகின்றது. "இந்த வேகமாக" என்று யாரும் சொல்வதில்லை. "இந்த அழகான" என்று நிறுத்தினால், "அழகான என்ன?" என்று பக்கத்திலிருக்கும் பிள்ளையே கேட்கும், கேட்கப்பட்ட அந்த "என்ன"வுக்கு விடையாக வரும் "பூ" என்பதுதான் பெயர். இச்சோதனை "அவன்", "நேற்று" போன்ற சொற்களுக்குப் பொருந்தாது என்பதை மட்டும் ஆசிரியர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பெயராகவும் வினையாகவும் வரும் சொற்களுக்கு, வாக்கியத்துக்குள்ளேயே ஐ உருபைச் சேர்த்துப் பார்ப்பது கைகொடுக்கும். "ஆடு புல் மேய்ந்தது", "நீ நன்றாக ஆடு" என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தின் ஆட்டைப் பிடிக்கலாம், கட்டலாம். இரண்டாவது வாக்கியத்தில் "ஆட்டை" என்று மாற்றினால் வாக்கியமே குலைந்துவிடும். அணை, ஓடு, கட்டு, விதை என்று நம் வயலையும் குளத்தையும் சுற்றியே இத்தகைய சொற்கள் நிறைய உள்ளன. "இந்த விதையை அங்கே விதை" என்ற ஒரு வாக்கியத்தைக் கொடுத்துப் பிள்ளைகளைப் பேசவிட்டால், ஒரு பாடவேளை முழுவதும் நல்ல உரையாடல் நடக்கும். வன்னிப் பிள்ளைகளுக்கென்றே அமைந்த இன்னொரு சோடியும் உண்டு: "பூனை பாலைக் குடித்தது", "காட்டில் பாலை பழுத்தது". முன்னையதில் உருபை நீக்கினால் பால் கிடைக்கும். பின்னையதில் நீக்குவதற்கு ஒன்றும் இல்லை. மரத்தின் பெயரே அதுதான். பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிய பிள்ளைக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இராது.

"அவன்", "அது" என்பவை பற்றி: தமிழ் மரபில் இவை பெயர்ச்சொற்களே. அவனை, அவனுக்கு, அதனால் என்று வேற்றுமை ஏற்பதே அதற்குப் போதிய சான்று. தரம் 3 இல் ஆங்கிலமும் ஒரு பாடமாகத் தொடங்குவதால், அங்கே இவற்றை வேறு வகையாகப் பிரித்துச் சொல்வது பிள்ளைகளைக் குழப்பலாம். தமிழ்ப் பாடத்தில் இவற்றுக்குக் கோடிட்ட பிள்ளைக்குப் புள்ளி குறைப்பது தவறு.

பெயர்ச்சொல் காலம் காட்டாது என்பதும் பழைய இலக்கணங்கள் தரும் நல்ல அடையாளம். "பசி" என்பது பெயர். "பசிக்கிறது" என்பது நிகழ்காலம் காட்டுவதால் வினை. உழுதல், விதைப்பு, அரிவிவெட்டு என்பன தொழிலைக் குறித்தாலும் காலம் காட்டாமையால் பெயர்களே. ஆனால் "வந்தவர்", "உழுதவன்" போன்றவை காலத்தையும் காட்டும், உருபையும் ஏற்கும். தொல்காப்பியமும் நன்னூலும் இவ்வாறு தொழிலை ஒட்டிக் காலம் காட்டும் பெயர்களை இவ்விதியிலிருந்து விலக்கியே சொல்கின்றன. ஆரம்ப வகுப்புப் பயிற்சிகளில் இத்தகைய சொற்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆறு வகைகளை இப்போது பெயர் சொல்லிக் கற்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. யார், எது, எங்கே, எப்போது என்று கேட்டுப் பழகும் பிள்ளை பொருளையும் இடத்தையும் காலத்தையும் ஏற்கனவே பிரித்துவிடுகின்றது. கிளை, கை, வால் போன்ற சினைப்பெயர்களும் அந்த எது, என்ன என்ற கேள்விகளுக்குள்ளேயே அடங்கும். பண்புப்பெயரும் தொழிற்பெயரும் மட்டுமே சற்று முதிர்ச்சியை வேண்டுவன. அவற்றுக்குத் தரம் 5 உகந்த காலம்.

கேட்டவர் மீண்டும்

இருவருக்கும், மல்லாவியிலிருந்து எழுதிய அம்மாவுக்கும் மிக்க நன்றி. "வாய்க்காலில்" என்று மாற்றிக் கொடுத்தபோது வகுப்பில் பெரும்பாலானோர் கோடிட்டார்கள். மட்டையையும் செய்துவிட்டேன், தூக்கிப் பார்ப்பதற்குப் போட்டி போடுகின்றார்கள். நடைமுறை சார்ந்த ஒன்றை மட்டும் கேட்க விரும்புகின்றேன். கோடிடும்போது "குளத்தில்" என்ற முழுச் சொல்லுக்கும் கோடிடச் சொல்வதா, "குள" என்ற பகுதிக்கு மட்டுமா? பரீட்சைத் தாளில் எது ஏற்கப்படும் என்று பெற்றோர் கேட்கின்றார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியர், கிளிநொச்சி

முழுச் சொல்லுக்கும் கோடிடச் சொல்லுங்கள். "குள" என்று ஒரு சொல் தமிழில் இல்லை. பாதிச் சொல்லுக்குக் கோடிடப் பழகினால், கண் உருபைத் தேடுமே தவிரப் பெயரைத் தேடாது. கோடிட்ட பின், ஓரத்தில் "குளம்" என்று அதன் தனி வடிவத்தை எழுதப் பழக்குங்கள். பரீட்சையில் கோடு மட்டும் கேட்டாலும், பெயரை எடுத்து எழுதுக என்று கேட்டாலும், இந்தப் பழக்கம் இரண்டுக்கும் உதவும். விடை எப்படி எழுதப்பட வேண்டும் என்பது வினாவிலேயே சொல்லப்பட்டிருக்கும். வினாவை இருமுறை வாசிக்கச் செய்வதும் நம் பொறுப்பே.

மல்லாவி அம்மா கேட்டவற்றில், "கோயிலடி" என்பதை ஒரே பெயராகக் கொள்ளலாம். கோயிலை அண்டிய இடம் முழுவதையும் அது குறிக்கின்றது; "கோயிலடிக்கு", "கோயிலடியிலிருந்து" என்று உருபுகளும் அதன் முடிவில்தான் சேர்கின்றன. குளத்தடி, கிணற்றடி என்பவற்றுக்கும் இதே முறைதான். "வான்" என்பதற்குக் கட்டாயம் கோடிட வேண்டும். மேலதிக நீர் வெளியேறும் இடத்தைக் குறிக்கும் அச்சொல், "வானால் தண்ணீர் போகிறது", "வானில் மீன் பிடித்தார்கள்" என்று உருபு ஏற்று வருவதை மகனையே சொல்லச் செய்து பாருங்கள். ஆகாயத்தையும், பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றி வரும் வாகனத்தையும் அதே எழுத்துகளால்தான் எழுதுகின்றோம் என்று அவன் சொன்னால், அவையும் பெயர்ச்சொற்களே என்று சொல்லி, மூன்றுக்கும் ஒவ்வொரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்.